கரகரப்பு பாட்டிலா, பெட்டியிலா?

முத்தியால்பேட்டை வாசகர், புதுச்சேரி: எலெக்ட்ரானிக் பரிசோதனை இசைக் கச்சேரியின் பதிவை லேப்டாப்பிலிருந்து ஆம்ப்ளிஃபயர் வழியாகக் கேட்கிறேன். விடாமல் ஓர் உறுமல், நடுநடுவே கரகரப்பு. இசையே இப்படித்தானா, என் செட் பழுதா?

பதில்: இரண்டாகவும் இருக்கலாம். ஒரே பள்ளத்தில் சிக்கிச் சுற்றும் இசைத்தட்டையே 1948-இல் பாரிஸில் இசையாக்கினார் பிரெஞ்சு இசையமைப்பாளர் பியர் ஷேஃபர். ஒலிகளைக் கலக்கும் மிக்சர் கருவியின் அவுட்புட்டை அதன் இன்புட்டிலேயே செருகி, எழும் ஊளையை வாசிப்பவர்களும் உண்டு. ஆகவே சோதித்துத்தான் முடிவு கட்டவேண்டும்.

கரகரப்பு வந்ததும் 30 விநாடி பின்னால் போய்த் திரும்பக் கேளுங்கள். அதே இடத்தில் அதே மாதிரி வந்தால் பதிவில் உள்ளது. இடம் மாறினால் உங்கள் செட்டில். அப்படியானால் ஆம்ப்ளிஃபயரை அணைத்து, அதன் பின்புறம் லேப்டாப் வயரின் இடது, வலது பிளக்குகளை மாற்றிச் செருகுங்கள். கரகரப்பும் பக்கம் மாறினால் வயரோ லேப்டாப்போ. மாறாவிட்டால் ஆம்ப்ளிஃபயரோ ஸ்பீக்கரோ. பெரும்பாலும் குற்றவாளி நம் கடற்காற்றுதான். உப்பும் ஈரமும் பிளக்கின் பளபளப்பை மங்கவைக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடையுங்கள், பஞ்சில் கறுப்பு ஏறும். காய்ந்தபின் ஐந்தாறு முறை செருகி எடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், தூசியைச் சேர்த்துக்கொள்ளும்.

உறுமலுக்குப் பாட்டை மட்டும் நிறுத்துங்கள், ஆம்ப்ளிஃபயர் ஓடட்டும். உறுமல் தொடர்ந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றுங்கள். அதோடு அடங்கினால் எர்த் வழியாக வரும் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் தொல்லை. சார்ஜர், ஆம்ப்ளிஃபயர் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள், இல்லையேல் பேட்டரியிலேயே கேளுங்கள். எர்த் பின்னை உடைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உறுமல் போகலாம், ஆனால் ஷாக்குக்குக் காப்பு இருக்காது.

மஞ்சக்குப்பம் வாசகி, கடலூர்: அடித்தொனி ஒன்று பத்து நிமிடம் நீள்கிறது. அறை நடுவே உட்கார்ந்தால் கேட்பதே இல்லை, சுவரோரம் நின்றால் நெஞ்சு அதிர்கிறது. ஏன்?

பதில்: 12 அடி நீள அறையில் சுமார் 48 ஹெர்ட்ஸ் ஒலி எதிரெதிர்ச் சுவர்களில் பட்டுத் திரும்பித் தன்னோடு தானே மோதும். சுவரோரம் பெருகும், நட்டநடுவே ஏறக்குறைய அவிந்துபோகும். நாற்காலியை இரண்டடி பின்னுக்குத் தள்ளுங்கள், தொனி திரும்பிவிடும். சுவரில் முட்டை அட்டை ஒட்டுவது இதற்குச் சல்லிக்காசுக்கு உதவாது. செல்போன் ஸ்பீக்கரில் இந்தத் தொனி வரவே வராது.

திருப்பாதிரிப்புலியூர் வாசகர்: பதிவின் தொடக்கம் கேட்கவே இல்லை. வால்யூமைக் கூட்டலாமா?

பதில்: கூட்டாதீர்கள். சத்தம் உச்சமான இடத்தை முதலில் தேடி, அங்கே காது தாங்கும் அளவுக்கு வால்யூமை வைத்துவிட்டுத் தொடக்கத்துக்குத் திரும்புங்கள். கூட்டி வைத்திருக்கையில் திடீரென ஒலி வெடித்தால் ஆம்ப்ளிஃபயர் திணறும், கீச்சொலிக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர்தான் முதலில் கருகும். தொடக்கம் அப்போதும் கேட்காவிட்டால் ஃபேனை நிறுத்துங்கள். வெயில் காலத்தில் இரவு பத்துக்கு மேல் வைத்துக்கொண்டால் வியர்வையும் குறையும், தெருச் சத்தமும் குறையும்.