புள்ளிமேல் புள்ளி விழுந்தால்

கேள்வி: பழைய தமிழ்ப் பத்திரிகையில் வந்த ரப்பர் பால்வெட்டுப் படத்தையும், எங்கள் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) நான் எடுத்த புகைப்படங்களையும் வெட்டி ஒட்டி ஏ4 அளவில் கொலாஜ் செய்தேன். சில்க் ஸ்கிரீனில் (சட்டத்தில் கட்டிய வலைத்துணி வழியாக மை தள்ளும் முறையில்) அச்சடித்தால் பத்திரிகைப் படத்தில் மட்டும் அலை அலையாகக் கோடு விழுகிறது. மெஷ் (வலைத்துணி) சரியில்லையா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: மெஷ் காரணம் என்றால் லயப் படத்திலும் அலை விழுந்திருக்குமே! பத்திரிகைப் படம் ஏற்கெனவே புள்ளிகளால் ஆனது; பெரும்பாலும் அங்குலத்துக்கு 85 வரிசை. அதன்மேல் கணினி இன்னொரு ஹாஃப்டோன் (படத்தைச் சிறிதும் பெரிதுமான புள்ளிகளாக மாற்றும் முறை) போட்டதும் இரண்டும் மோதி மொய்ரே என்னும் அலைக்கோடு கிளம்புகிறது. படத்தை மங்கலாக்கி இதை மறைக்கலாம்தான், ஆனால் முகங்களும் சேர்ந்து குழைந்துவிடும்.

பழைய புள்ளியையே வைத்துக்கொள்ளுங்கள். கொலாஜை 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்து, பத்திரிகைத் துண்டைத் கணினியில் தனி லேயராகப் பிரித்தெடுங்கள். அதை பிட்மேப்பாக (கறுப்பு, வெள்ளை மட்டுமே உள்ள படமாக) மாற்றும்போது ஹாஃப்டோன் வேண்டாம், 50 சதவீத த்ரெஷோல்ட் (பாதிக்கு மேல் கருமையானதைக் கறுப்பாகவும் மற்றதை வெள்ளையாகவும் ஆக்குவது) போதும். பிறகு மொத்த கொலாஜையும் ஏ2 அளவில் அச்சிடுங்கள். நீளமும் அகலமும் இரட்டிப்பதால் 85 வரிசை ஏறக்குறைய 42 ஆகும். 90டி மெஷ் (அங்குலத்துக்குச் சுமார் 230 இழை) அதைத் தாங்கும். இழை எண்ணிக்கையை ஐந்தால் வகுத்து வருவதுதான் பத்திரமான எல்லை. ஏ4-லேயே அடித்தால் வெளிச்சப் பகுதியில் சிறு புள்ளிகள் நிற்காது, கருமையில் மை அடைத்துக்கொள்ளும்.

லயப் படங்களுக்கு மட்டும் புது ஹாஃப்டோன்: 45 வரிசை, 22.5 பாகை. புள்ளி வரிசை மெஷ் இழைக்கு இணையாக ஓடினால் அங்கேயும் அலை வரும்.

புள்ளி தெரிந்தால் தரம் குறைவு என்று கூச்சப்பட வேண்டாம். 1962-இல் சில்க் ஸ்கிரீனுக்கு வந்த அமெரிக்க ஓவியர் ராபர்ட் ரௌஷன்பெர்க், பத்திரிகைப் படங்களின் அச்சுத்தன்மையை மறைக்கவே இல்லை. 1990-இல் கோலாலம்பூர் தேசியக் கலைக்கூடத்தில் அவருக்குக் கண்காட்சியே நடந்தது.

கேள்வி: மழைக்காலத்தில் எமல்ஷன் (ஸ்கிரீனில் பூசும், ஒளி பட்டால் இறுகும் பூச்சு) கழுவும்போதே வழிந்து போகிறது. ஒளி காட்டும் நேரத்தைக் கூட்டியும் பலனில்லை.
– இன்னொரு வாசகர், அதே ஊர்

பதில்: நேரத்தைக் கூட்டியும் உள்பக்கம் வழவழவென்று இருந்தால், எமல்ஷன் உள்ளே காயவில்லை. ஈரமான எமல்ஷன் ஒளியில் சரியாக இறுகாது. வெறும் காற்றாடி ஈரக்காற்றையே சுற்றிவிடும். இருட்டறையை மூடி, ஈரம் உறிஞ்சும் கருவியையோ குளிர்சாதனத்தின் ‘டிரை’ முறையையோ ஓட்டி, ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே வந்தபின் ஸ்கிரீனை அச்சுப்பக்கம் (காகிதத்தைத் தொடும் பக்கம்) கீழாகப் படுக்கவைத்து இரவு முழுக்க விடுங்கள். விரலில் ஒட்டவில்லை என்பதை நம்பி ஒளி காட்டிவிடாதீர்கள். மேல்தோல்தான் முதலில் காயும்.