பிலிப் கிளாஸும் பாத்திரம் கழுவும் எந்திரமும்

அன்புள்ள அண்ணா,

போன மாதம் போகிற போக்கில் அமெரிக்க இசையமைப்பாளர் பிலிப் கிளாஸ் பெயரைச் சொல்லியிருந்தீர்கள். தேடிக் கேட்டேன். நாலு சுரத்தையே திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள். இருபது நிமிடம் தாண்ட முடியவில்லை. இதை எப்படிக் கேட்பது? அப்புறம், 41 வயது வரை டாக்சி ஓட்டினாராமே, எவ்வளவு காலம் வீண்! படித்ததும் வேலையை விட்டுவிட்டு என் நாவலில் இறங்கலாம் என்று தோன்றியது.

எம்., திருப்பூர்

அன்புள்ள எம்.,

எப்படிக் கேட்பது என்பதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த 'வீண்'. இரண்டு வாரமாக இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் சரியாக வந்து மாட்டிக்கொண்டது. ஆகவே திட்டும் உங்களுக்குத்தான்.

1976 நவம்பரில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அரங்கில் கிளாஸின் 'ஐன்ஸ்டைன் ஆன் தி பீச்' இரண்டு நாள் நடந்தது. இடைவேளை இல்லாத ஐந்து மணி நேர ஒபேரா, அதாவது இசை நாடகம். அரங்கு நிரம்பியது, கடைசியில் மிஞ்சியது கடன். கிளாஸ் மறுபடி டாக்சிக்குப் போனார். குழாய் வேலையும் பார்த்தவர் அவர். ஒருமுறை நியூயார்க்கின் சோஹோ பகுதியில் ஒரு வீட்டில் பாத்திரம் கழுவும் எந்திரத்தை மாட்டிக்கொண்டிருக்கிறார். வீட்டுக்காரர் 'டைம்' இதழின் கலை விமர்சகர் ராபர்ட் ஹியூஸ். உள்ளே வந்தவர் திகைத்துப்போய், நீங்கள் கலைஞர் அல்லவா என்கிறார். கலைஞன்தான், சில சமயம் பிளம்பரும்கூட, நகர்ந்தால் வேலையை முடித்துவிடுவேன் என்கிற மாதிரி பதில் சொன்னாராம் கிளாஸ். கூச்சப்பட்டவர் ஹியூஸ்தான். இப்போது நீங்கள்.

கிளாஸ் கடைக்காரர் மகன், தம்பி. அப்பா பென் கிளாஸ் பால்டிமோரில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்தார். விற்காத தட்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய், ஏன் விற்கவில்லை என்று கண்டுபிடிக்கக் கேட்பாராம். கேட்டுக் கேட்டு அவற்றின் மேலேயே பைத்தியமாகிவிட்டார். மகன் 1968இல் தனக்கென்று ஒரு குழு சேர்த்தபோது கடைப்புத்தி வேலை செய்தது: தன் இசையைத் தன் குழு மட்டுமே வாசிக்கும். கேட்க வேண்டுமா, காசு கொடுத்துக் குழுவைக் கூப்பிடு.

எனக்கு 19 வயதில் மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலை. எரிந்த ஸ்டேட்டரிலிருந்து (மோட்டாரின் சுழலாத பகுதி) பழைய கம்பியை உருவி, எத்தனை சுற்று என்று எண்ணி, அதே கணக்கில் புதுக் கம்பி சுற்ற வேண்டும். நடுவில் யாராவது "டீ சொல்லட்டுமா?" என்றால் எண்ணிக்கை போச்சு, பிரித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். பார்க்கிறவனுக்கு எல்லாச் சுற்றும் ஒன்றுதான். விரலுக்கு அப்படியில்லை. ஓர் அடுக்கு முடிந்து கம்பி மேலடுக்கில் ஏறும் இடத்தில் சின்னதாக ஓர் உதறல் வரும். அதற்காகவே காத்திருப்பேன். என் முதல் கதையின் முதல் வரி அந்த வார்னிஷ் நாற்றத்தில்தான் வந்தது. (முதலாளியிடமிருந்து கடைசி மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை.)

1960களில் பாரிஸில் சிதார் கலைஞர் ரவிசங்கரின் சினிமா இசையை மேற்கத்திய முறையில் எழுதிக்கொடுக்கும் வேலை கிளாஸுக்குக் கிடைத்தது. வழக்கப்படி சுரங்களுக்கு நடுவே கோடு போட்டுப் போட்டுப் பிரித்து எழுதினார். தபலாக்காரர் அல்லா ரக்கா ஒத்துக்கொள்ளவே இல்லை. எல்லாச் சுரமும் சமம் என்றார். கோடுகளை அழித்த பிறகுதான், இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து பெரிய வட்டமாவது கிளாஸுக்குப் பிடிபட்டது. அவர் இசையைக் கேட்பதும் இப்படித்தான்: ஐந்து சுரம், மறுபடி ஐந்து, அப்புறம் ஆறு. நீங்கள் எண்ணவில்லை, அவ்வளவுதான்.

அவர் டாக்சியை விட்டது நெதர்லாந்து ஒபேராவின் அழைப்பு கைக்கு வந்த பிறகு. அந்த வேலைதான் 1980இல் ரோட்டர்டாமில் மேடையேறிய 'சத்தியாகிரகா', காந்தியின் தென்னாப்பிரிக்க நாட்களைப் பற்றிய ஒபேரா. சமஸ்கிருதத்தில் கீதை வரிகளைப் பாடுவார்கள். கடைசி அங்கம் தென்னாப்பிரிக்காவில் நடந்த 1913 நியூகாசில் நடைப்பயணம். அதில் நடந்த சுரங்கத் தொழிலாளிகளில் எத்தனையோ பேர் தமிழர்கள், அதைத் தனியாக எழுத வேண்டும். இங்கே சொல்ல வந்தது வரிசையை: முதலில் அழைப்பு, அப்புறம்தான் டாக்சிக்கு முழுக்கு. நீங்கள் தலைகீழாகச் செய்யப் பார்க்கிறீர்கள்.

உங்கள் சம்பளம், மேலாளர், அலுவலக நேரம் எல்லாம் கடிதத்தின் மீதிப் பகுதியில் விவரமாக இருந்தன. அவற்றை இங்கே வெட்டிவிட்டேன். நாவல் எத்தனை பக்கம் ஆகியிருக்கிறது என்று மட்டும் எங்குமே காணோம்.