உச்சிக்குப் போன பந்துக்கு முடுக்கம் உண்டா?
(வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: ஐயா, நான் பி.காம். முடித்தவள். சி.டி.எஸ். என்ற முப்படை அதிகாரிகளுக்கான தேர்வை எழுதி, சென்னை ஓ.டி.ஏ.வில் (ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகம்) சேர வேண்டும் என்பது ஆசை. தினமும் காலையில் மைதானத்தில் 2.4 கிலோமீட்டர் ஓடிப் பழகுகிறேன். ஆங்கிலத்தைச் சமாளித்துவிடுவேன். பொது அறிவுத் தாளில் வரும் இயற்பியல்தான் பயமுறுத்துகிறது. பத்தாம் வகுப்போடு அறிவியலை விட்டாயிற்று. இயக்கச் சமன்பாடுகள் மூன்றும் மனப்பாடம்; ஆனால் எதை எங்கே போடுவது என்று தெரியவில்லை. மாதிரித் தாள் ஒன்றில், 'மேலே எறிந்த பந்து உச்சியை அடையும்போது அதன் முடுக்கம் என்ன?' என்று கேட்டிருந்தார்கள். பூஜ்யம் என்று குறித்தேன். தவறாம். ஏன்?
- ஒரு வாசகி, சாத்தூர்

பதில்: இந்த ஒரு கேள்வியைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் பாதிப் பாடம் வந்துவிடும் அம்மா. அதனால் இதிலிருந்தே தொடங்குகிறேன்.

உச்சியில் பந்தின் திசைவேகம், அதாவது திசையோடு சேர்த்துச் சொல்லும் வேகம், பூஜ்யம். அது சரிதான். முடுக்கமும் பூஜ்யமாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். முடுக்கம் என்றால் திசைவேகம் மாறுகிற வீதம். திசைவேகமும் இல்லை, அது மாறப்போவதும் இல்லை என்றால் பந்து அந்தரத்திலேயே நின்றுவிட வேண்டும். நிற்பதில்லையே! ஏறும்போதும், உச்சியிலும், இறங்கும்போதும் பூமி அதை ஒரே அளவில்தான் இழுக்கிறது. ஒவ்வொரு நொடியும் அதன் திசைவேகம் கீழ்நோக்கி நொடிக்கு 9.8 மீட்டர் மாறிக்கொண்டே இருக்கிறது. ஏறும்போது அந்த மாற்றம் வேகத்தைக் குறைக்கிறது, இறங்கும்போது கூட்டுகிறது. அவ்வளவுதான்.

நீலகிரி வெலிங்டனில் ராணுவக் கல்விப் பிரிவு ஆசிரியராக இருந்த காலத்திலிருந்து பார்த்துவருகிறேன். இயற்பியலை விட்டுவிட்டுத் திரும்பி வருகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது ஒரு கேள்வி. அந்த வேகம் எப்படி மாறுகிறது என்பது வேறு கேள்வி. இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டால், எத்தனை சூத்திரம் தெரிந்தும் பயனில்லை.

எனவே அந்த மூன்று சமன்பாடுகளையும் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். அதற்குப் பதில் கட்டம் போட்ட நோட்டில் திசைவேக–நேர வரைபடம் வரையுங்கள். நேரம் கிடையாக, திசைவேகம் செங்குத்தாக. உதாரணத்துக்கு, நின்றிருந்த ஒரு வண்டி 5 நொடியில் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தை எட்டுகிறது, அதே வேகத்தில் 10 நொடி ஓடுகிறது, அப்புறம் 5 நொடியில் நின்றுவிடுகிறது. மொத்தம் எவ்வளவு தூரம்? வரைந்தால் ஒரு முக்கோணம், ஒரு செவ்வகம், இன்னொரு முக்கோணம். பரப்பு 50, 200, 50. விடை 300 மீட்டர். கோட்டின் சாய்வு முடுக்கம், கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு கடந்த தூரம். நீங்கள் மனப்பாடம் செய்த இரண்டாவது சமன்பாடே இந்தப் படத்தில் இருக்கிறது: தொடக்க வேகத்தை நேரத்தால் பெருக்கினால் வருவது செவ்வகம், மீதி முக்கோணம். கையால் ஒருமுறை வரைந்து பார்த்தவருக்கு அது மறக்காது.

கீழே விழும் பொருளுக்கும் இதே படம்தான். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொண்டால், முதல் நொடியில் 5 மீட்டர், இரண்டாவது நொடியில் 15, மூன்றாவதில் 25, நான்காவதில் 35. ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்ற ஒற்றைப்படை வரிசை. சாய்ந்த பலகையில் குண்டுகளை உருட்டிவிட்டு, சொட்டும் நீரை எடைபோட்டு நேரத்தைக் கணக்கிட்ட கலிலியோ கண்டறிந்தது இது. 1638இல் அச்சில் வந்தது. 80 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல்லுக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டால், ஐந்தும் பதினைந்தும் இருபத்தைந்தும் முப்பத்தைந்தும் எண்பது. எனவே 4 நொடி. பேனாவை எடுக்கவே வேண்டாம். பொருளின் நிறையைக் கொடுத்துக் குழப்பப் பார்ப்பார்கள், அதைக் கண்டுகொள்ளாதீர்கள். காற்றுத் தடை இல்லையென்றால் எல்லாம் ஒன்றாகத்தான் விழும். 1971இல் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலவில் சுத்தியலையும் இறகையும் ஒன்றாகக் கைவிட்டார், இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன.

தொலைவும் இடப்பெயர்ச்சியும் (தொடங்கிய இடத்துக்கும் முடித்த இடத்துக்கும் உள்ள நேர் இடைவெளி) உங்களுக்கு மைதானத்திலேயே இருக்கின்றன. 400 மீட்டர் தடத்தில் ஆறு சுற்று ஓடினால் தொலைவு 2,400 மீட்டர், இடப்பெயர்ச்சி பூஜ்யம். 12 நிமிடத்தில் முடித்தால் சராசரி வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர், சராசரி திசைவேகம் பூஜ்யம். அலகு மாற்றத்துக்கு மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 10 மீட்டர் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். 54, 72, 108 எல்லாம் அதிலிருந்து தானாக வரும்.

உந்தம் என்றால் நிறையைத் திசைவேகத்தால் பெருக்கி வருவது; வெளிவிசை இல்லாதபோது மொத்த உந்தம் மாறாது என்பதுதான் உந்த அழிவின்மை. அதற்கு நான் சொல்லிக்கொடுத்தது துப்பாக்கியை வைத்துத்தான். 4 கிலோ துப்பாக்கியிலிருந்து 10 கிராம் குண்டு நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். குண்டின் உந்தம் 8. அதே உந்தம் துப்பாக்கிக்குப் பின்பக்கமாக வருவதால், அது நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பின்னால் உதைக்கும். கட்டையைத் தோளில் தளர்வாக வைத்தவருக்கு வலி நிச்சயம். இறுக்கி அணைத்துப் பிடித்தால் துப்பாக்கியும் 60 கிலோ உடம்பும் ஒரே பொருளாகிவிடும். எட்டை 64ஆல் வகுத்தால் நொடிக்கு 0.125 மீட்டர்தான். 'இறுக்கிப் பிடி' என்று பயிற்சியில் கத்துவது இதற்காகத்தான் என்று கணக்கோடு சொன்னதும், பள்ளியில் அறிவியல் பிடிக்கவில்லை என்ற பையன்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த முகங்களைப் பார்ப்பதற்காகவே இன்னும் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

புத்தகத்துக்கு அலைய வேண்டாம். நம் சமச்சீர் ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் 'இயக்கம்', பத்தாம் வகுப்பில் 'இயக்க விதிகள்' இரண்டும் போதும். ஆனால் சி.டி.எஸ். பொது அறிவுத் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். தமிழ் வழியில் படித்திருந்தால், ஆங்கில வழிப் புத்தகத்தையும் பக்கத்தில் திறந்துவைத்து வரிக்கு வரி ஒப்பிட்டுப் படியுங்கள். வெலாசிட்டி, ஆக்சிலரேஷன், டிஸ்ப்ளேஸ்மென்ட் எல்லாம் கண்ணுக்குப் பழகிவிட வேண்டும். அந்தத் தாளில் 2 மணி நேரத்தில் 120 கேள்விகள், தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போய்விடும். அங்கே உட்கார்ந்து மொழிபெயர்த்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. ஓ.டி.ஏ.வுக்குக் கணிதத் தாள் கிடையாது என்பதால், உங்களுக்கு இந்தப் பொது அறிவுத் தாளின் ஒவ்வொரு மதிப்பெண்ணும் முக்கியம்.

கேள்வி: என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்புக் கழகம்) தேர்வுக்குப் படிக்கிறேன். மேலே போகும் லிஃப்டில் எடை கூடும் என்று படித்தேன். ஒரு விடைக்குறிப்பில் 'மாறாது' என்று இருக்கிறது. எது சரி சார்?
- பிளஸ் டூ மாணவர், பொள்ளாச்சி

பதில்: கேள்வியை மறுபடி பாருங்கள் தம்பி, 'சீரான வேகத்தில்' என்று இருக்கும். லிஃப்ட் எந்தப் பக்கம் போகிறது என்பது முக்கியமில்லை, முடுக்கம் எந்தப் பக்கம் என்பதுதான் கணக்கு. 60 கிலோ ஆள், லிஃப்ட் 2 மீட்டர் முடுக்கத்தோடு மேலே கிளம்பினால் தோற்ற எடை, 60ஐ 12ஆல் (புவியீர்ப்பின் 10ஓடு இந்த 2) பெருக்க 720 நியூட்டன். வேகம் சீரானதும் பழையபடி 600. இறங்கிவரும் லிஃப்ட் தரைத்தளத்தில் நிற்கப்போகும் நேரத்தில் முடுக்கம் மேல்நோக்கி இருக்கும், எனவே அப்போது எடை கூடும். கீழே வருகிறதே என்று 'குறையும்' எனக் குறித்துவிடாதீர்கள்.