கேட்க ஆள் இல்லாத காசு

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் தொண்டி. ஒன்பது வருடமாக அபுதாபியில் இருக்கிறேன். போன மாதம் கிரிப்டோ, அதாவது கம்ப்யூட்டர் வலையில் மட்டும் புழங்கும் காசு பற்றி எழுதிய குறிப்பை "படித்தவர்கள் ஆடும் மூணுசீட்டு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த வரியை யாரோ எங்கள் ரூம் வாட்ஸாப் குரூப்பில் போட்டுவிட, மூன்று நாளாகச் சண்டை. கிரிப்டோ என்றாலே கருப்புப் பணம் என்கிறார் ஒருவர். அது வந்தால்தான் நம் போன்றவர்களுக்கு விடுதலை என்கிறார் இன்னொருவர். நான் இரண்டாவது கட்சி.

2016 நவம்பர் 8 ராத்திரி எங்கள் வாப்பா கையில் இருந்த கருவாட்டு வியாபாரக் காசு முழுவதும் ஐநூறு ரூபாய்த் தாள். சர்க்கரை நோயை வைத்துக்கொண்டு நாலு நாள் பேங்க் வாசலில் நின்றார். கிரிப்டோவில் முதலில் வந்த பிட்காயினை எந்த அரசாங்கமும் அப்படிச் செல்லாக்காசு ஆக்க முடியாது. இஷ்டத்துக்கு அச்சடிக்கவும் முடியாது, மொத்தமே 2 கோடியே 10 லட்சம்தான். அனுப்புகிற பணத்தில் கமிஷன் என்று நடுவில் கை வைக்கவும் ஆள் இல்லை. இதில் என்ன மூணுசீட்டு?

இன்னொன்று. சேர்த்து வைத்த மூணு லட்சத்தில் ஊரில் ஒரு படகில் பங்கு வாங்கலாம் என்று இருந்தேன். விசைப்படகில் போகிற என் தம்பியே "அதெல்லாம் வேண்டாம், பிட்காயினில் போடு" என்கிறான். என்ன சொல்கிறீர்கள்?

எஸ்., அபுதாபி

*

அன்புள்ள எஸ்.,

மூணுசீட்டு என்று எழுதியது தப்புதான். திருவிழாவில் மூணுசீட்டு போடுகிறவன் முகமாவது நமக்குத் தெரியும்.

உங்கள் வாப்பா நின்ற அதே வரிசையில் நானும் பாம்பனில் நின்றேன். அந்த வாரம் கடலுக்குப் போன படகுகள் மீனோடுதான் திரும்பின. ஏலமும் நடந்தது. கொடுக்கத்தான் தாள் இல்லை. வியாபாரி படகுக்காரரின் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டார், படகுக்காரர் ஆட்களின் பங்கை எழுதிக்கொண்டார், அரிசிக்கடைக்காரர் அந்த ஆட்களின் வீட்டுக் கணக்கை எழுதிக்கொண்டார். நாட்டில் புழங்கிய பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் ஒரே ராத்திரியில் செத்துப்போயிருந்தது. எங்கள் கரையில் அடுப்பு எரிந்ததற்குக் காரணம் அந்த நாற்பது பக்க நோட்டுகள். அரசாங்கம் செய்தது அநியாயம் என்பதில் உங்களுக்கும் எனக்கும் சண்டையே இல்லை. அந்த அநியாயத்துக்கு மருந்து பிட்காயின்தானா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

நடுவில் ஆள் இல்லாத பணம் என்கிறீர்கள். ஒரு பழைய கதை சொல்கிறேன். எழுபதுகளில் என் சித்தப்பா கொழும்பில் ஒரு கடையில் கணக்கு எழுதினார். அவர் பணம் வீட்டுக்கு உண்டியலில் வரும். கோயில் உண்டியல் இல்லை, பேங்க் வழியாகப் போகாமல் ஆள் மூலம் பணம் வந்து சேரும் நம் பக்கத்து உண்டியல். உங்கள் ரூமில் அதை ஹவாலா என்பார்கள். முதலில் ஒரு கடிதம் வரும், உள்ளே ஒரு பழைய ஒரு ரூபாய்த் தாள் இருக்கும். சில நாள் கழித்து ஒரு ஆள் வந்து திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்பார். எங்கள் அப்பத்தா அந்தத் தாளை எடுத்து வந்து நீட்டும். அவர் மடியிலிருந்து ஒரு துண்டுச்சீட்டை எடுத்து, அதில் எழுதியிருக்கும் நம்பரைத் தாளின் நம்பரோடு ஒத்துப் பார்ப்பார். சரியாக இருந்தால் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, தாளை வாங்கிக்கொண்டு போய்விடுவார். இன்று நீங்கள் பிரைவேட் கீ என்று சொல்லும் ரகசியச் சாவி எங்கள் வீட்டில் அரிசிப் பானைக்குள் இருந்தது. சட்டப்படி அது அன்றும் தப்பு, இன்றும் தப்பு. அதை நியாயப்படுத்த வரவில்லை.

ஒரு தடவை இரண்டு மாதமாகப் பணம் வரவில்லை. அப்பத்தா ஒரு நாள் காலையில் கிளம்பி, அந்த உண்டியல்காரர் வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்துவிட்டது. காப்பி கொடுத்தார்கள், குடிக்கவில்லை. சாப்பிடச் சொன்னார்கள், எழுந்திருக்கவில்லை. சத்தமும் போடவில்லை. தெருவில் போகிறவர்கள் எல்லாம் "என்ன ஆத்தா இங்க?" என்று கேட்டுக்கொண்டே போனார்கள். விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பணம் கைக்கு வந்தது.

2008 அக்டோபர் 31 அன்று சதோஷி நாகமோட்டோ என்ற பெயரில் வெளிவந்த ஒன்பது பக்கக் கட்டுரையை இரண்டு மூன்று தடவை படித்திருக்கிறேன். அருமையான மூளை, சந்தேகமே இல்லை. ஒரே கணக்கு நோட்டின் நகலை ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு பக்கம் சேர்த்து, ஒரே காசை ஒருவன் இரண்டு பேருக்குக் கொடுக்க முடியாதபடி செய்திருக்கிறார். முகம் தெரியாதவர்கள் இடையில் ஒரு பெரிய மனிதர் இல்லாமலே கணக்குச் சரியாக நிற்கிறது. ஆனால் அதில் திண்ணை கிடையாது. தப்பான முகவரிக்கு அனுப்பினால் போனது போனதுதான். காசைத் திறக்கும் ரகசியச் சொற்களைத் தொலைத்தாலும் அப்படித்தான். எங்கள் அப்பத்தா எங்கே போய் உட்காரும்?

நாலைந்து வருடத்துக்கு முன்னால் எங்கள் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் ஒரு கூட்டம் நடந்தது. கோட்டு போட்ட ஒருவர், புரொஜெக்டர், ஆளுக்கு ஒரு பாக்கெட் பிரியாணி. ஏதோ ஒரு காயின், நூறு நாளில் இரட்டிப்பு. மீன்பிடித் தடைக்கால நிவாரணத்தைக்கூடக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் உண்டு. நூறாவது நாள் டெலிகிராம் குரூப்பே இல்லை. "அது கிரிப்டோவே இல்லை, கிரிப்டோ பெயரில் மோசடி" என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். சீட்டுக்காரன் ஓடிப்போனால் அது சீட்டின் குற்றமா என்ன? ஆனால் எங்கள் ஊரில் தீபாவளிச் சீட்டுக்காரன் ஓடியபோது ஜனங்கள் அவன் மாமனார் வீட்டை முற்றுகையிட்டுப் பாதிப் பணத்தையாவது வாங்கினார்கள். காயின்காரனுக்கு மாமனார் யார் என்று யாருக்குத் தெரியும்?

இனி உங்கள் பக்கத்து நியாயம். ஒரு இடத்தில் நான் நிஜமாகவே தடுமாறினேன்.

2022இல் இலங்கையில் ஒரு டாலர் 200 ரூபாயிலிருந்து இரண்டு மூன்று மாதத்தில் 360க்குப் போனது. அந்த மார்ச்சிலிருந்து தனுஷ்கோடி மணல் திட்டுகளில் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். மண்டபம் அகதி முகாமில் மன்னார்க்காரப் பெண் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். கைப்பையில் அந்த ஊர்த் தாள் ஒரு கட்டு இருந்தது. "இது ஒரு கிழமைக்குப் பால்மா வாங்கக் காணாது" என்று சிரித்தார், ஒரு வாரத்துப் பால் பவுடருக்கே போதாதாம். படகுக்காரனுக்குக் கொடுத்தது வளையல். மிச்சம் காதில் இருந்த தோடு, அதன் மேல் முக்காடு. அக்கரையிலும் இக்கரையிலும் அடகுக்கடைக்காரர் கேள்வி கேட்காமல் வாங்குகிற ஒரே பொருள் அதுதான்.

அன்று ராத்திரி யோசித்தேன். அந்தப் பெண்ணின் சேமிப்பு பிட்காயினாக இருந்து, அதைத் திறக்கும் பன்னிரண்டு சொற்கள் மனப்பாடத்தில் இருந்திருந்தால், நடுக்கடலில் எவனும் பறித்திருக்க முடியாது. இது பெரிய விஷயம். இதை ஒப்புக்கொள்ளாமல் கிரிப்டோவைக் கிண்டல் செய்கிறவர்கள் அகதியாக ஒரு ராத்திரி கூட இருந்ததில்லை.

சரி, கரை ஏறிய பிறகு? ராமேஸ்வரத்தில் அதை ரூபாயாக மாற்ற ஒரு எக்ஸ்சேஞ்ச் வேண்டும். 2023 மார்ச்சிலிருந்து இங்கே எக்ஸ்சேஞ்சுகள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. பான் கார்டு கேட்பார்கள், முகத்தைப் படம் பிடிப்பார்கள். முகாமுக்கு அன்றைக்கு வந்தவருக்குப் பான் கார்டு ஏது? நடுவில் ஆளே வேண்டாம் என்று கிளம்பிய பணம், பஸ் ஸ்டாண்டு வந்ததும் நடுவில் ஒரு ஆளைத் தேடுகிறது. அன்று தோடுதான் சோறு போட்டது.

உங்கள் கமிஷன் விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டிலிருந்து வீட்டுக்குப் பணம் அனுப்ப உலக சராசரிச் செலவு நூற்றுக்கு ஆறு ரூபாய்க்கு மேல். வளைகுடாவிலிருந்து இந்தியாவுக்கு அதைவிடக் குறைவு, போட்டி அதிகம். விலை ஏறி இறங்காமல் நிற்கும்படி செய்த ஸ்டேபிள்காயினில் அனுப்பினால் இன்னும் குறையும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் காயின்கள் அநேகமாக எல்லாமே அமெரிக்க டாலரைக் கட்டிக்கொண்டு நிற்பவை. வெளியிடுகிற கம்பெனி நினைத்தால் ஒருவருடைய காயினை முடக்கலாம், முடக்கியும் இருக்கிறது. அரசாங்கப் பணத்திலிருந்து விடுதலை என்று புறப்பட்டவர்கள் கடைசியில் இன்னொரு அரசாங்கத்தின் பணத்தில் போய் நிற்கிறார்கள். உங்கள் ரூம் சண்டையில் இதை யாராவது சொன்னார்களா?

பிட்காயின் கணக்கு நோட்டின் முதல் பக்கத்திலேயே, 2009 ஜனவரி 3 தேதியிட்டு, பிரிட்டிஷ் நிதியமைச்சர் பேங்குகளை இரண்டாவது முறை பணம் கொடுத்துத் தூக்கிவிடும் நிலையில் இருக்கிறார் என்ற லண்டன் பத்திரிகைத் தலைப்பு பொறிக்கப்பட்டிருக்கிறது. பேங்குகள் மேல் இருந்த அந்தக் கோபம் எனக்குப் பிடிக்கும். பதினைந்து வருடம் கழித்து, 2024 ஜனவரியில், வால் ஸ்ட்ரீட் கம்பெனிகள் பிட்காயினை ஃபண்டாகக் கட்டி விற்க அனுமதி வாங்கின. 2025 மார்ச்சில் அமெரிக்க ஜனாதிபதியே பிட்காயின் கையிருப்பு வைக்கக் கையெழுத்துப் போட்டார். எல் சால்வடார் 2021இல் அதைச் சட்டப்பூர்வப் பணமாக்கி, 2025 தொடக்கத்தில் கடைக்காரர் விரும்பினால் வாங்கிக்கொள்ளலாம் என்று பின்வாங்கியது. நம் டெல்லி வேறு மாதிரி. காசு என்று ஒப்புக்கொள்ளாது, வரியை மட்டும் விடாது. 2022 ஏப்ரலிலிருந்து லாபத்தில் 30 சதவீதம், நஷ்டத்தைக் கழிக்கவும் விடாது. ஒரு காயினில் ஒரு லட்சம் லாபம், இன்னொன்றில் ஒரு லட்சம் நஷ்டம் என்றால் கையில் பூஜ்யம், வரி மட்டும் முப்பதாயிரம், மேலே செஸ். இந்த விஷயத்தில் நான் உங்கள் கட்சி.

மின்சாரம் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் மாவட்டத்துக் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இருக்கிறது. சூரியனே மறையாமல் வருடம் முழுக்க அது முழு வேகத்தில் ஓடினாலும் 567 கோடி யூனிட்தான் கிடைக்கும். பிட்காயின் வலையமைப்பு வருடத்துக்குத் தின்பது பத்தாயிரம் கோடி யூனிட்டுக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன்.

என் உண்மையான சந்தேகம் இதில்கூட இல்லை. நம் கரையில் பணம் என்றால் முக்கால்வாசி கடன்தான். மீன்பிடித் தடையால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு நிற்கும். அந்த இரண்டு மாதம் வலை பின்னுவது, இன்ஜினைப் பிரித்து மாட்டுவது, பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பீஸ் கட்டுவது, எல்லாம் வியாபாரி கொடுக்கும் முன்பணத்தில். அந்த முன்பணத்துக்காக மீனை அவருக்கே, அவர் சொன்ன விலைக்குப் போட வேண்டும். தெரிந்த முகம் என்பதால் தெய்வம் என்று அர்த்தமில்லை. திண்ணையில் உட்கார நமக்கு உரிமை இருக்கிற மாதிரி, நம் வாசலில் வந்து நிற்க அவருக்கும் இருக்கிறது. அப்பத்தா கதையை நான் கொஞ்சம் இனிப்பாகச் சொல்லிவிட்டேன்.

இந்தக் கட்டிலிருந்து கிரிப்டோ அவிழ்த்துவிடுமா? அதிலும் கடன் உண்டு, பார்த்தேன். நூறு ரூபாய் கடன் வாங்க நூற்றைம்பது ரூபாய்க் காயினை முன்கூட்டியே பூட்டி வைக்கச் சொல்கிறார்கள். விலை சரிந்தால் கேட்காமலே விற்றுவிடுவார்கள். வேறு வழியில்லை, ஆளைத் தெரியாதவன் ஆளை நம்பிக் கொடுக்க முடியாது. ஆனால் நூற்றைம்பது வைத்திருப்பவன் ஏன் ஐயா வியாபாரியிடம் போய் நிற்கப் போகிறான்? ஒன்றுமில்லாதவனுக்கு, "உங்கப்பனைத் தெரியும், அடுத்த மீன்பாடு வந்ததும் கொடு" என்று சொல்கிற வாய் அந்த மெஷினுக்கு இல்லை.

தம்பி விஷயம். பிட்காயின் 2021 நவம்பரில் 69,000 டாலரைத் தொட்டு, ஒரே வருடத்தில் 16,000 பக்கம் வந்தது. பிறகு 2024 டிசம்பரில் லட்சத்தைத் தாண்டியது. அதனால் அவன் சொல்வது கிறுக்குத்தனம் என்று சொல்ல மாட்டேன். படகில் பங்கு வாங்குவதும் பத்திரமில்லை. ஒரு ராத்திரி எல்லை தாண்டினால் படகு பிடிபட்டு அக்கரையில் போய் மக்கிக்கொண்டு கிடக்கும். இது என்னைவிட உங்கள் தம்பிக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பயத்தில்தான் படகை விட்டு போனைப் பிடிக்கிறானோ என்று எனக்கு ஒரு எண்ணம். நான் இரவு கடலில் இருப்பவன் இல்லை, அவன் இருப்பவன். தொலைந்தாலும் வீட்டில் சோறு நிற்காது என்கிற அளவுக்கு ஐயாயிரமோ பத்தாயிரமோ அவன் ஆசைக்குக் கொடுங்கள். மிச்சத்தை ஒரு நாட்டுப்படகுப் பங்கில் போடலாமா என்று பார்ப்போம். தங்கச்சிமடத்தில் ஃபைபர் படகு வைத்திருக்கும் ஒருவர் கூட்டாளி தேடுகிறார். யோக்கியமான ஆள், கொஞ்சம் வாய் ஜாஸ்தி.

தம்பியை என்னிடம் பேசச் சொல்லுங்கள். காலை ஏழு மணிக்கு முன்னால் வேண்டாம். ஏலம் நடந்துகொண்டிருக்கும், போனில் ஒன்றும் காதில் விழாது.

அன்புடன்.