பூட்டன் ஏன் மலையேறினார்?

கேள்வி: நான்கு தலைமுறையாக மூணாறு எஸ்டேட்டில் இருக்கிறோம். அப்பாவின் தாத்தா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர் என்பது மட்டும் தெரியும். ஊரை விட்டு இந்தக் குளிருக்கு ஏன் வந்தார், ஏன் திரும்பவில்லை என்று மகன் கேட்கிறான். என்ன சொல்வது?
– வாசகி, தேவிகுளம்

பதில்: வந்த காரணத்தைச் சொல்வது சுலபம் அம்மா. உங்கள் பூட்டன் ஊர் வானம் பார்த்த பூமி. 1876-78 தாது வருஷப் பஞ்சம் அந்தச் சீமையை உலுக்கியபோதுதான், 1877-ல் பூஞ்சாறு அரச குடும்பத்திடம் மன்றோ என்ற வெள்ளைக்காரர் மூணாறு இருக்கும் கண்ணன்தேவன் மலையைக் குத்தகைக்கு எடுத்தார். காடு வெட்ட, தேயிலை நட ஆள் வேண்டும். எஸ்டேட்டுக்கு ஆள் சேர்க்கும் கங்காணி முன்பணத்தோடு கிராமத்துக்கு வருவார். பெரும்பாலும் அவர் தெரிந்த மனுஷர், சில சமயம் சொந்தக்காரர். அவர் பேச்சை நம்பித்தான் குடும்பம் குடும்பமாகக் கிளம்பினார்கள். போடி, கொட்டகுடி, அப்புறம் டாப் ஸ்டேஷன் வரை ஏற்றம். பூட்டன் பஞ்சத்துக்குப் பிறகு வந்தவராக இருக்கலாம்; முன்னால் போனவர்கள் இருக்கும் இடத்துக்குத்தானே அடுத்தவர்களும் போவார்கள்?

ஏன் திரும்பவில்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. முன்பணம் கழிவதற்குள் ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல், மறுபடி கடன். லயம் என்கிற எஸ்டேட் வரிசை வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும், ஆகவே ஒரு பிள்ளையாவது எஸ்டேட்டில் பேர் பதிந்தாக வேண்டும். ஊரிலோ போய் இறங்க நிலமில்லை. அப்புறம் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது, 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரியும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்குப் போயின. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றுவிட்டன. இதில் பூட்டனை யார் கேட்டார்கள்? ‘பிழைக்கத் தெரியாதவர்’ என்று உறவுக்காரர்கள் யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சரி, அவர் ஊரைக் கண்டுபிடிக்க வேண்டுமா? வயதானவர்களிடம் ஊர்ப்பெயரைக் கேட்காதீர்கள், மறந்திருப்பார்கள். குலதெய்வம் எது, முதல் மொட்டை எங்கே எடுத்தார்கள் என்று கேளுங்கள். எஸ்டேட்டின் பழைய செக்ரோல் (தொழிலாளர் பேர்ப் பதிவேடு), பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு இரண்டையும் பார்க்க முடியுமா என்று விசாரியுங்கள். பட்டியல் சாதிச் சான்றிதழுக்கு 1950-க்கு முன்பே குடும்பம் கேரளத்தில் இருந்ததற்கு ஆதாரம் கேட்பதால், பக்கத்து லயத்தில் யாராவது இதையெல்லாம் ஏற்கெனவே தேடி அலைந்திருப்பார்கள். எங்கே கிடைத்தது என்று அவர்களிடமே கேட்கலாம்.

குலதெய்வம் சாஸ்தா என்று தெரிந்தால் வேலை பாதி முடிந்தது. பங்குனி உத்திரத்தன்று மகனோடு அந்தச் சாஸ்தா கோவிலுக்குப் போங்கள். வெளியூர் போன பங்காளிகளெல்லாம் கூடும் நாள் அது. பூட்டன் பேரைச் சொன்னால், இன்னார் வீட்டுப் பிள்ளை என்று உறவுமுறை சொல்ல ஒரு பெரியவராவது இருப்பார்.