ஆறுதல் சொல்லாமல் இருக்கப் பழகுவது எப்படி?

கேள்வி: உளவியலில் முதுகலை முடித்து மூன்று ஆண்டுகளாக ஆலோசகராக இருக்கிறேன். ஐந்து மாதக் குழந்தையின் தாய் ஒருவர் என்னிடம் வருகிறார். கத்தியைப் பார்த்தாலே ‘குழந்தையைக் குத்திவிடுவேனோ’ என்ற எண்ணம் வந்து நடுங்குகிறார். பதற்றம் என்று நினைத்து மூச்சுப் பயிற்சி கொடுத்தேன், நல்ல எண்ணங்களை வரவழைக்கச் சொன்னேன், தைரியம் சொன்னேன். பத்து செஷன் ஆகியும் நிலைமை மோசமாகிறது. இது ஓசிடி, அதாவது வேண்டாத எண்ணமும் அதைத் தணிக்கச் செய்யும் கட்டாயச் செயலும் மாறி மாறி வரும் நோய், என்கிறார் சக ஆலோசகர். ஆனால் இவரிடம் கை கழுவுவது போன்ற கட்டாயச் செயல் எதுவுமே இல்லை. ஓசிடியைக் கண்டுபிடித்து சிகிச்சை தர நான் எப்படிப் பயிற்சி எடுப்பது?

பதில்: உங்கள் சக ஆலோசகர் சொல்வதுதான் சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது. கட்டாயச் செயல் எதுவும் இல்லை என்கிறீர்களே, அதைத்தான் நம்ப முடியவில்லை. “எண்ணம் வந்த அடுத்த நொடி என்ன செய்கிறீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம், “மனதுக்குள் என்ன செய்கிறீர்கள்?” என்றும் கேளுங்கள். கத்திகளை ஒளித்து வைத்திருக்கலாம். குழந்தையோடு தனியாக இருப்பதைத் தவிர்க்கலாம். ‘உண்மையிலேயே எனக்கு அந்த ஆசை இருக்கிறதா’ என்று மனதைத் துருவிக்கொண்டே இருக்கலாம். ஒரு பிரார்த்தனையை எண்ணி எண்ணிச் சொல்லலாம். ‘நான் அப்படிச் செய்யமாட்டேன்தானே?’ என்று வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்கலாம். பத்து செஷனாக உங்களிடமும் அதையே கேட்டிருப்பார். அதுவும் கட்டாயச் செயல்தான்.

இப்படி ஒரு எண்ணம் வருவது மட்டுமே நோய் ஆகாது. 1978இல் ராக்மன், டி சில்வா என்ற இரு ஆய்வாளர்கள் நோயற்றவர்களிடம் விசாரித்தபோது, பெரும்பாலோருக்கு இதே மாதிரி வேண்டாத எண்ணங்கள் வந்துபோவது தெரிந்தது. நமக்கு வந்தது போய்விடுகிறது. இந்தத் தாய்க்கு அது தன் குணத்தின் மீதான தீர்ப்பாகிவிடுகிறது. அதனால்தான் பாலியல், மதம், வன்முறை சார்ந்த எண்ணங்கள் உள்ளவர்கள் வெட்கத்தில் வாயே திறப்பதில்லை. நீங்கள்தான் முகம் மாறாமல் கேட்க வேண்டும். முகம் மாறாமல் இருப்பதே பயிற்சியின் முதல் பாடம் என்பேன்.

ஒரு எச்சரிக்கை. குழந்தை பெற்ற தாயிடம் இந்த எண்ணத்தைக் கேட்டவுடன் வேறொன்றையும் சரிபார்க்க வேண்டும். குரல்கள் கேட்கின்றனவா? குழந்தையைப் பற்றி விபரீதமான நம்பிக்கை ஏதாவது இருக்கிறதா? தூக்கமே இல்லாமல் நடத்தை திடீரென மாறியிருக்கிறதா? அந்த எண்ணம் அவருக்கு நியாயமாகவே படுகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் மகப்பேற்றுக்குப் பிந்தைய உளப்பிறழ்வா (சைக்கோசிஸ்) என்று அன்றைக்கே மனநல மருத்துவர் பார்க்க வேண்டும். ஓசிடியில் இதற்கு நேர்மாறாக, எண்ணத்தைக் கண்டு அவரே அருவருத்து ஓடுவார்.

கருவி என்று பார்த்தால் ஒய்-பாக்ஸ் அளவுகோல் போதும். 1989இல் குட்மன் குழுவினர் வெளியிட்டது. பத்துக் கேள்விகள், 40 மதிப்பெண். அது அளப்பது தீவிரத்தைத்தான். கண்டுபிடிக்க உதவுவது அதோடு வரும் அறிகுறிப் பட்டியல். அதை வரிவரியாக கிளையன்ட்டுடன் உட்கார்ந்து படியுங்கள். “இதெல்லாம் மற்றவர்களுக்கும் வருமா?” என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, சிகிச்சை ஏன் எடுபடவில்லை? சொறியச் சொறிய அரிப்பு கூடுவது போலத்தான். ஒவ்வொரு ஆறுதலும் அந்தக் கணத்துக்கு இதம் தருகிறது. ‘இது ஆபத்தான எண்ணம், ஆறுதல் கிடைத்ததால்தான் தப்பித்தேன்’ என்று மூளை கற்றுக்கொள்கிறது. எண்ணத்தை விரட்ட மூச்சுப் பயிற்சி செய்தால், அதுவே புதிய சடங்காகிவிடும். நல்ல எண்ணத்தைக் கொண்டு மாற்றுவதும் அப்படியே.

இதற்கு மிக வலுவான ஆதாரம் உள்ள உளவியல் சிகிச்சை ஈ.ஆர்.பி. எனப்படுவது. பயத்தை நேருக்கு நேர் சந்திக்க வைத்து (இதுதான் எக்ஸ்போஷர்), வழக்கமான சடங்கைச் செய்யவிடாமல் இருப்பது. 1966இல் லண்டனில் விக்டர் மேயர் இதன் முதல் வடிவத்தை எழுதினார். இன்று பெரும்பாலும் 12 முதல் 20 செஷன்கள் வரை போகும். இந்தத் தாயென்றால், அந்த எண்ணத்தை ஒரு வாக்கியமாக எழுதிச் சத்தமாகப் படிப்பதில் தொடங்கி, குழந்தை இருக்கும் அறையில் காய்கறி நறுக்குவதுவரை படிப்படியாகப் போகலாம். எந்தப் படியிலும் யாரிடமும் உறுதி கேட்கக் கூடாது. மருந்தும் தேவைப்படலாம்: எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்துகள், பெரும்பாலும் மனச்சோர்வுக்குத் தருவதைவிடக் கூடிய அளவில். பலன் தெரிய 8 முதல் 12 வாரம்கூட ஆகலாம். பாலூட்டும் தாய் என்றால் அதையும் மருத்துவர் கணக்கில் எடுப்பார்.

இப்போது பயிற்சிக்கு வருகிறேன். இரண்டு நாள் பட்டறையும் சான்றிதழும் உங்களுக்குச் சொற்களைத் தரும், கையைப் பழக்காது. பயிற்சியைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒன்றைக் கேளுங்கள்: என் சொந்த கேஸ்களுக்குச் சில மாதங்களாவது சூப்பர்விஷன், அதாவது அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வை, கிடைக்குமா? இல்லை என்றால் அந்தப் பணத்தை நேரடியாக அனுபவமுள்ள ஒரு ஈ.ஆர்.பி. சிகிச்சையாளரின் சூப்பர்விஷனுக்குச் செலவிடுங்கள். கிளையன்ட்டின் எழுத்துபூர்வச் சம்மதத்தோடு செஷனைப் பதிவுசெய்து அவரோடு கேளுங்கள். எத்தனை இடத்தில் ‘கவலைப்படாதீர்கள்’ என்று சொல்லியிருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். என் முதல் பதிவைக் கேட்டு நான் தலைகுனிந்தது இன்னும் நினைவிருக்கிறது.

இன்னொன்று, உங்கள் மேலேயே செய்து பாருங்கள். உங்களுக்கு மிகப் பிரியமானவரின் பெயரைப் போட்டு, ‘இவர் இன்று விபத்தில் சாக வேண்டும் என்று விரும்புகிறேன்’ என்று ஒரு தாளில் எழுதுங்கள். கிழிக்காமல், அவருக்கு போன் செய்து பார்க்காமல், சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலையைப் பாருங்கள். வெறும் மை என்று தெரிந்தும் கை தயங்கும். கிளையன்ட்டிடம் நீங்கள் கேட்கப் போவது அதைவிடப் பெரியது. நடைமுறையில் எக்ஸ்போஷர் தள்ளிப்போவதற்கு கிளையன்ட் மட்டும் காரணமில்லை. ‘இவர் தாங்கமாட்டார்’ என்ற நம் பயமும் காரணம்.

இந்தத் தாய்க்கு இப்போதைக்கு: சூப்பர்விஷன் கிடைக்கும்வரை காத்திருக்கச் சொல்லாதீர்கள். ஈ.ஆர்.பி. தெரிந்தவரிடம் அனுப்புங்கள், அல்லது அவர் மேற்பார்வையில் நீங்களே தொடருங்கள். இதுவரை செய்தது பொருந்தவில்லை என்று அவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அவர் கணவரையும் ஒரு செஷனுக்கு அழைத்து, உறுதி தருவதை எப்படிக் குறைப்பது என்று மூவரும் பேசி வையுங்கள். அடுத்த முறை ‘நான் அப்படிச் செய்துவிடமாட்டேனே?’ என்று கேட்டால், “இந்தக் கேள்விக்கு நாம் என்ன செய்வதாகப் பேசிவைத்தோம்?” என்று திருப்பிக் கேளுங்கள். அப்புறம் வருகிற அமைதியில் அவரோடு உட்கார்ந்திருங்கள்.