மாரியும் ஒரு குட்டியும்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி நாய்க்குட்டி பற்றியவை. எனக்கு இது புதிதில்லை. திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் புரட்டாதி கழிந்தால் வெள்ளைக்காரர் கூட்டம் குறைந்துவிடும். ஹோட்டல் வாசலில் பாணும் மீனும் தின்று வளர்ந்த நாய்கள் குட்டிகளோடு ஊருக்குள் இறங்கும். மழை தொடங்கியதும் யாராவது ஒருவர் இரக்கப்பட்டு ஒன்றைத் தூக்கி வருவார். பிறகு எனக்குக் கடிதம் வரும். மாடுகளோடு காலம் கழித்து ஓய்வு பெற்ற மிருக வைத்தியனுக்கு இதுவும் நல்ல பொழுதுபோக்குத்தான்.

எங்களுக்கு ஆறு வயதில் மகன், மூன்று வயதில் மகள். கார்த்திகைக் கடைசியில் இவர் கடற்கரையில் கிடந்த ஒரு குட்டியைக் கொண்டுவந்தார். இரண்டு மாதம் இருக்கும் என்கிறார்கள். அன்று பிடித்த மழை இன்னும் விடவில்லை. குட்டி விறாந்தை முழுக்க நனைக்கிறது, மகளின் சட்டையைக் கடித்து இழுக்கிறது, இரவில் அழுகிறது. "நாய்க்கு வீட்டுக்குள் என்ன வேலை, வெளியே கட்டு" என்கிறார் மாமி. கட்டினால் பிள்ளைகள் அழுகிறார்கள். நான் யார் பக்கம் நிற்பது?
— ஒரு தாய், உப்புவெளி

மாமி சொல்வதில் பாதி சரி, மகள். அந்தப் பாதியை அவருக்குக் கொடுத்துவிடுங்கள். குசினிக்கும் சாமியறைக்கும் குட்டி போகக் கூடாது. வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகையைக் குறுக்கே வைத்தால் போதும், இந்த வயதில் தாண்டாது. மற்றப் பாதியை, அதாவது வெளியே கட்டுவதை, நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். திருகோணமலையில் மார்கழி இரவு என்றாலும் 23, 24 பாகைக்குக் கீழே அநேகமாக இறங்காது. அது குட்டியைக் கொல்லும் குளிர் இல்லை. ஆனால் நனைந்த குட்டி வாடைக்காற்றில் சீமெந்து நிலத்தில் கிடந்தால் உடம்புச் சூடு மளமளவென்று இறங்கும். நம் ஊரில் குளிரைவிட ஈரம்தான் பொல்லாதது.

ஆகவே விறாந்தையில் காற்று அடிக்காத மூலையைப் பாருங்கள். வாடை வடகிழக்கிலிருந்து வருவது, அந்தப் பக்கம் சுவர் இருக்க வேண்டும். நிலத்தில் இரண்டு செங்கல், மேலே பலகை, அதன்மேல் சாக்கு, சாக்கின்மேல் உங்கள் கணவருடைய பழைய சாறம். துவைக்காத சாறமாக இருந்தால் இன்னும் நல்லது, ஆள் மணம் இருந்தால் குட்டி அடங்கும். இரவில் அது அழுவது பசியால் இல்லை. தாயோடும் கூடப்பிறந்ததுகளோடும் ஒட்டிக் கிடந்து பழகியது, இப்போது தனியே கிடக்கிறது. முதல் சில இரவுகள் யாராவது பெரியவர் பக்கத்தில் பாய் போட்டுப் படுக்கட்டும். கொண்டுவந்தவர் அவர்தானே, அவரே படுக்கட்டும்.

மழையில் நனைந்து வந்தால் முதுகை மட்டும் துடைத்துவிட்டு விடாதீர்கள். வயிற்றுப் பக்கம், காதுக்குள் மடிப்பு, கால்விரல் இடுக்கு, இந்த மூன்றிலும்தான் ஈரம் தங்கிப் புண்ணாகும். குளிக்க வார்ப்பதை வெயில் எறிக்கும் ஒரு முற்பகலுக்கு ஒத்திவையுங்கள். மணக்கிறது என்று மாமி சொன்னால் சாக்கை மாற்றுங்கள். பெரும்பாலும் சாக்குத்தான் மணப்பது.

மூத்திர விஷயத்துக்கு வருவோம். இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் அடக்க முடியாது. தூங்கி எழும்பியவுடன், சாப்பிட்டவுடன், விளையாடி முடித்தவுடன், இந்த மூன்று நேரமும் கட்டாயம் வரும். மழைக்குள் இறங்கு என்றால் அது இறங்காது, நீங்களும்தான் இறங்கமாட்டீர்கள். தாழ்வாரத்துக்குக் கீழே நனையாத இடத்தில் ஒரு சதுரம் கடற்கரை மணலைக் கொட்டுங்கள். நம் ஊரில் மணலுக்கா பஞ்சம்? அது நனைத்த துணி ஒன்றை அந்த மணலில் போட்டு வைத்தால், மோந்துகொண்டு தானே அங்கே போகும். பக்கத்தில் நில்லுங்கள், முடித்ததும் அந்த இடத்திலேயே தடவிக் கொடுங்கள். மூக்கை மூத்திரத்தில் தேய்ப்பது என்று ஒரு பழைய வைத்தியம் உண்டு. அதனால் குட்டி கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: உங்களைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் போய்ப் பெய்ய வேண்டும் என்பது.

ஆறு வயது மகனுக்கு இதில் ஒரு வேலை கொடுக்கலாம். குட்டி கண் விழித்ததும் "எழும்பிட்டுது!" என்று கத்துவது. அவ்வளவுதான். அதற்கு மேல் எதுவும் அவன் பொறுப்பில்லை. "நாய் வேண்டுமென்று கேட்டாய், நீதான் பார்க்க வேண்டும்" என்று ஆறு வயதுப் பிள்ளையிடம் சொல்லும் தாய் தகப்பன்மாரைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். கொண்டுவந்தது பெரியவர்கள், வேலையும் பெரியவர்களுடையதே.

மகளின் சட்டையை இழுப்பது கெட்ட குணமில்லை. பால்பல் ஊசி மாதிரி இருக்கும், எதையாவது கடிக்கத்தான் தோன்றும். நான்கு மாதமளவில் அந்தப் பற்கள் விழத் தொடங்கி, ஆறேழு மாதத்தில் எல்லாம் மாறிவிடும். அதுவரைக்கும் வீட்டுக்குள் மகளுக்குக் கட்டைக் காற்சட்டை போடுங்கள், பறக்கிற துணியைக் கண்டால் எந்தக் குட்டிதான் சும்மா இருக்கும்? அவள் கத்திக்கொண்டு ஓடினால் அதுவும் விளையாட்டென்று துரத்தும். மரம் விளையாட்டைச் சொல்லிக் கொடுங்கள்: குட்டி பாய்ந்தால் கையைக் கட்டிக்கொண்டு, நிலத்தைப் பார்த்து, அசையாமல் நிற்க வேண்டும். குட்டி சலித்துப் போய்விடும். மூன்று வயதுக்குத் தனியே வராது, அண்ணனும் கூட நின்றால் வரும். பழந்துணியை முறுக்கி நனைத்து பிரிஜ்ஜில் வைத்துக் கொடுங்கள், முரசு ஊறலுக்கு அது சுகம்.

அப்புறம் தூக்கம். இந்த வயதுக் குட்டி ஒரு நாளில் 18 மணித்தியாலத்துக்கு மேல் தூங்க வேண்டும். பள்ளிக்கூட விடுமுறை, மழைக்கு எல்லோரும் உள்ளே, ஆளுக்கு ஒரு முறை தூக்கினாலே அதன் தூக்கம் போச்சு. தூக்கம் கெட்ட குட்டி கடிக்கும். பின்னேரம் ஐந்து ஆறு மணிக்கு வெறி பிடித்தது போல வீடெல்லாம் ஓடுகிறது என்று எழுதுபவர்கள், அன்று பகல் அது எவ்வளவு தூங்கியது என்று பாருங்கள். சாக்கில் ஏறிவிட்டால் யாரும் அதைத் தொடக் கூடாது, சாப்பிடும்போதும் தொடக் கூடாது. இந்தச் சட்டம் அப்பாவுக்கும் உண்டு.

இன்னொன்று, இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்: மகளையும் குட்டியையும் தனியே விடாதீர்கள். விளக்கேற்றிவிட்டு வரும் நேரம்கூட வேண்டாம். போகிறீர்களா, பலகைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

ஊசி மருந்து. கடற்கரைக் குட்டி என்றால் வயிற்றில் பூச்சி இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் வரை இரண்டு கிழமைக்கு ஒரு தரம், பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு தரம் பூச்சி மருந்து. நிறையைப் பார்த்துத்தான் அளவு, ஆகவே வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். மலத்தை அன்றன்றே அள்ளிப் புதையுங்கள். வட்டப்புழுவின் முட்டை மண்ணில் இரண்டு கிழமையளவு கிடந்த பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும், ஆகவே அன்றைக்கே அள்ளுபவருக்கு அந்தப் பயம் இல்லை. கொழுக்கிப்புழு அவ்வளவு பொறுக்காது, ஈர மணலில் சில நாட்களிலேயே குஞ்சு பொரித்து வெறுங்காலில் ஏறும். பிள்ளைகள் வளவில் செருப்புப் போடட்டும், அந்த மணல் சதுரத்தில் விளையாட வேண்டாம்.

பார்வோ, டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோய்களுக்கான ஊசி ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் தொடங்கி, மூன்று நான்கு கிழமைக்கு ஒரு முறை, 16 கிழமை வரை போகும். அது முடியும்வரை தெருநாய் திரியும் இடத்தில் இறக்க வேண்டாம். விசர்நாய்த் தடுப்பூசியை அரசாங்கமே இலவசமாகப் போடுகிறது, எப்போது என்று உங்கள் பகுதி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். ஊசி போட முன்னர் பிள்ளைகளில் பல் பட்டாலோ நகம் கீறினாலோ, சின்னக் கீறல்தானே என்று மஞ்சள் பூசிவிட்டு இருக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குட்டிதானே, விசர் இருக்காது என்று யாரும் சொன்னால் கேட்காதீர்கள். குட்டிக்கும் வரும்.

இடி இடித்தால் எங்கள் குட்டி கட்டிலுக்கு அடியில் போய் நடுங்குகிறது. இனி வருடப்பிறப்பு, தைப்பொங்கல் வெடி வேறு. என்ன செய்வது?
— வாசகர், பாலையூற்று

கட்டிலுக்கு அடியில் இருக்கட்டும், இழுக்காதீர்கள். 2020 டிசம்பர் 2 இரவு புரேவிப் புயல் நம் கரையைக் கடந்தபோது எங்கள் கறுப்பன் அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் புகுந்தவன், விடியும்வரை வெளியே வரவில்லை. நான் ஒரு துணியை அவன் பக்கம் தொங்கவிட்டு, ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன். பயந்த நாயைத் தடவினால் பயம் கூடும் என்று ஒரு கதை இருக்கிறது. அப்படியில்லை, அது வந்து ஒட்டினால் அணைத்துக்கொள்ளலாம். வெடிக்கு உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. குட்டி சாப்பிடும்போது தூரத்தில் ஒருவர் தகரத்தில் மெல்லத் தட்டட்டும், நாளுக்கு நாள் கொஞ்சம் கிட்ட வரட்டும். பொங்கலன்று விடிய முன்னரே அதை வெளியே விட்டு எடுத்து, உள்ளறையில் போட்டுக் கதவைச் சாத்துங்கள். வெடிக்குப் பயந்து ஓடிய நாயைத் தேடித் திரிவது பெரிய பாடு.

வளவில் தேரைகள் துள்ளுகின்றன. குட்டி ஒன்றைக் கவ்விவிட்டு வாயில் நுரை தள்ளியது. ஆபத்தா?
— வாசகி, நிலாவெளி

தேரையின் கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பியில் நஞ்சு இருக்கிறது, நுரை அதனால்தான். ஈரத் துணியால் முரசையும் நாக்கையும் திரும்பத் திரும்பத் துடையுங்கள், துணியை அலசி அலசித் துடையுங்கள். தண்ணீரைத் தொண்டைக்குள் ஊற்றாதீர்கள், தலை கீழே சரிந்திருக்கட்டும். பெரும்பாலும் சிறிது நேரத்தில் சரியாகிவிடும். நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு என்றால் உடனே வைத்தியரிடம்.

அப்படியே இன்னொன்றும். வெள்ளம் நின்ற இடத்துத் தண்ணீரைக் குட்டி குடிக்கக் கூடாது, பிள்ளைகள் அதில் விளையாடவும் கூடாது. எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் வரும் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், மனிதருக்கும் வரும்.

நான் பிறந்தது திருக்கடலூர், இருப்பது ரொறன்ரோ. பிள்ளைகளுக்காக ஒரு குட்டி எடுத்தோம். வெளியே பனி, அது கதவைத் தாண்ட மறுக்கிறது.
— வாசகி, கனடா

உங்களுக்கு ஈரமும் இருக்கிறது, கொல்லும் குளிரும் இருக்கிறது. முற்றத்தில் ஓரிடத்தில் பனியைப் புல் தெரியும்வரை வழித்துவிடுங்கள், குட்டி அங்கே பெய்யும். போனோம், முடித்தோம், வந்தோம் என்று சில நிமிடத்தில் உள்ளே வந்துவிட வேண்டும். விளையாட்டெல்லாம் வீட்டுக்குள்தான். தெருவில் கொட்டும் உப்பு பாதத்தை எரிக்கும், நக்கினால் வயிற்றைக் கெடுக்கும், ஆகவே வந்ததும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் காலைக் கழுவித் துடையுங்கள். கார் எஞ்சினுக்கு ஊற்றும் அன்ரிஃப்ரீஸ் இனிக்கும், நாய் நக்கும், கொஞ்சம் போனாலே சிறுநீரகம் போய்விடும். கராஜில் ஒரு துளி சிந்தியிருந்தாலும் துடைத்துவிடுங்கள்.

எனக்கு எட்டு வயது. எங்கள் நாய்க்குட்டியின் வயிறு எப்போதும் சுடுகிறது. காய்ச்சலா? பனடோல் கொடுக்கலாமா? என் ஸ்வெட்டரைப் போட்டுவிடலாமா?
— ஓர்ஸ் ஹில்லிலிருந்து

நல்ல கேள்வி, குஞ்சு. உன் உடம்புச் சூடு 37 பாகை, நாய்க்குட்டிக்கு 38 முதல் 39 வரை. அதனால் உன் கைக்கு அது எப்போதும் சுடும். அது ஓடித் திரிந்து சோறு தின்கிறதா? அப்போ காய்ச்சல் இல்லை. பனடோல் கொடுக்கவே கூடாது, மனிதர் குளிசை அதற்கு நஞ்சாகும். ஸ்வெட்டர் வேண்டாம், கடித்துக் கம்பளி நூலை விழுங்கிவிடும். உன் பழைய துவாய் ஒன்றை அம்மாவிடம் கேட்டு வாங்கி, மழையில் நனைந்தால் அதன் விரல் இடுக்கெல்லாம் துடைத்துவிடு.

நத்தாருக்குப் பக்கத்து வீட்டார் கேக் தருவார்கள். குட்டிக்கும் ஒரு துண்டு வைக்கலாமா?
— வாசகர், லிங்கநகர்

வேண்டாம். அதிலுள்ள பிளம்ஸ், அதாவது உலர்ந்த திராட்சை, நாயின் சிறுநீரகத்துக்கு நஞ்சு, சொக்லேட்டும் ஆகாது. பசும்பாலும் பால்மாவும்கூட வயிற்றோட்டத்தில்தான் முடியும். முள் எடுத்து அவித்த மீனும் உப்புப் போடாத சோறும் வையுங்கள். கேக் மிஞ்சினால் என் விலாசம் ஆசிரியரிடம் இருக்கிறது.